லூவனில் ஒரு செமஸ்டர்: ஐரோப்பிய ஆட்சிமுறையும் மனித உரிமையும் குற்றவியலும் படிக்கப் போகிறவர்களுக்கு

பெல்ஜியத்தின் லூவனில் நான் வாடகைக்கு எடுத்த அறைக்கு முதலில் வந்த ஆள் ஒரு போலீஸ்காரர். நகராட்சியில் முகவரியைப் பதிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அழைப்பு மணிக்குப் பக்கத்தில் என் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டினார். கட்டில், மேசை, நாற்காலியில் காய்ந்துகொண்டிருந்த துண்டு எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நன்றி சொல்லிப் படியிறங்கிப் போனார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு அரை மணி நேரம் நெஞ்சு படபடத்தது. நம் ஊரில் போலீஸ் வாசலுக்கு வந்தால் தெருவே எட்டிப் பார்க்கும். பெல்ஜியத்தில் புதிதாகக் குடிவருகிறவர் தான் சொன்ன முகவரியில் இருக்கிறாரா என்று வட்டாரப் போலீஸ்காரர் நேரில் வந்து பார்ப்பது எல்லோருக்கும் நடப்பது. அவர் பார்த்துப் போன பிறகுதான் குடியிருப்பு அட்டைக்கான வேலை நகரும்.

நான் படிக்கப் போனது ஐரோப்பிய ஆட்சிமுறை, மனித உரிமை, ஒப்பீட்டுக் குற்றவியல் (நாடுகளின் குற்றத்தையும் தண்டனையையும் ஒப்பிட்டு ஆராயும் கிரிமினாலஜி). மூன்றுக்கும் வேண்டிய முதல் பாடம் அன்றைக்கு வாசலிலேயே கிடைத்துவிட்டது. ‘போலீஸ்’ என்ற சொல் இரண்டு ஊரிலும் ஒன்று; அந்தச் சொல்லுக்குப் பின்னால் நடக்கும் வேலை வேறு. அங்கே இருக்கும் நாள் முழுக்க நிறுவனங்களின் பெயரில், கைதிகளின் கணக்கில், மதிப்பெண் பட்டியலில் என்று இது திரும்பத் திரும்ப வரும். ஒரு பெயரையோ எண்ணையோ பார்த்ததும் ‘இங்கே இதற்கு என்ன பொருள்?’ என்று கேட்கப் பழகிவிட்டால் பாதிப் படிப்பு முடிந்தது. எனக்கு அது பழக இரண்டு மாதம் ஆயிற்று. நீங்கள் அந்த இரண்டு மாதத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எந்த ஊர்?

இந்த மூன்று பாடத்துக்கும் ஐரோப்பாவில் நல்ல ஊர்கள் பல உண்டு. மனித உரிமை மட்டும் போதும் என்றால் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க். ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அங்கேதான் இருக்கிறது. நாடுகளுக்கு இடையிலான போலீஸ் ஒத்துழைப்பில் ஆர்வம் இருந்தால் நெதர்லாந்தின் ஹேக். ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும், அரசு வழக்கறிஞர்களை இணைக்கும் யூரோஜஸ்ட்டும் அந்த ஊரில். மூன்றும் சேர்ந்து வேண்டும் என்றால் என் வாக்கு லூவனுக்கு. ஒன்றியத்தின் தலைமை அலுவலகங்கள் இருக்கும் பிரஸ்ஸல்சிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். பல்கலைக்கழகம் 1425இல் தொடங்கியது. குற்றவியல் அங்கே 1929 முதல் தனிப் படிப்பாக இருக்கிறது, சட்டத்தோடு ஒரே கல்விப்புலத்தில்.

இன்னொரு காரணமும் உண்டு. குற்றங்களை எண்ணிப் பார்த்துப் பேசும் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான அடோல்ஃப் கெட்லே, 1796இல் இதே நாட்டின் கென்ட் நகரில் பிறந்தவர். பிரெஞ்சு நீதிமன்றக் கணக்குகளை வைத்து, குற்ற எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறக்குறைய சீராக வருகிறது என்று அவர் காட்டியபோது, குற்றம் என்பது தனி மனிதரின் கெட்ட குணம் மட்டும்தானா என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியோடுதான் நீங்களும் வகுப்பில் உட்காரப் போகிறீர்கள்.

எந்த வழியாகப் போவது?

வருகை மாணவராகப் போக மூன்று வழிகள் உண்டு. உங்கள் கல்லூரிக்கும் அங்கிருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தால் கட்டணத்தை இங்கேயே கட்டிவிட்டு அங்கே படிக்கலாம். அந்த ஒப்பந்தம் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் இருந்தால் உதவித்தொகையும் பயணச் செலவும் கிடைக்கும். இரண்டும் இல்லாவிட்டால், பாடத்துக்கு இத்தனை என்று பணம் கட்டித் தனியாளாகச் சேரலாம். மூன்றாவது வழியில் செலவு அதிகம். விசாவுக்கு முழுநேரப் படிப்பு என்ற கடிதம் வேண்டும் என்பதால் ஒன்றிரண்டு பாடம் மட்டும் எடுத்துக்கொண்டு போவதும் கடினம்.

கல்லூரியின் பன்னாட்டு அலுவலகத்தில் ‘ஒப்பந்தம் இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ‘எந்தத் துறைக்கு?’ என்று கேளுங்கள். பல ஒப்பந்தங்கள் துறைவாரியாகப் போடப்பட்டவை. பொறியியல் துறைக்குப் போட்ட ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு சட்ட மாணவர் போக முடியாது. உங்கள் துறைக்கு இல்லையென்றால் புதிதாகப் போடச் சொல்லலாம். அதற்குப் பேராசிரியர் ஒருவர் முனைந்து நிற்க வேண்டும், காலமும் பிடிக்கும். எந்த வழியானாலும் போக வேண்டிய தேதிக்கு ஒரு வருடம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

பாடங்களைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், நிதானமாகப் படியுங்கள். ஐரோப்பாவில் பாடத்தின் எடையை ஈ.சி.டி.எஸ். கிரெடிட்டில் சொல்வார்கள். ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இதில் வகுப்பு நேரம் சிறு பங்குதான். மிச்சமெல்லாம் நீங்களாக உட்கார்ந்து படிப்பது, எழுதுவது. நம் ஊரில் கிரெடிட் என்றால் வாரத்துக்கு இத்தனை மணி நேர வகுப்பு என்று நினைத்துப் பழகியிருப்போம். அந்த நினைப்போடு அட்டவணையைப் பார்த்தால், வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தானே, எட்டுப் பாடம் எடுக்கலாமே என்று தோன்றும். எடுக்காதீர்கள். ஐந்து அல்லது ஆறு போதும்.

நான் சொல்லும் கலவை இது: ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைப்பு பற்றி ஒன்று, மனித உரிமைச் சட்டத்தில் ஒன்றோ இரண்டோ, குற்றவியலில் இரண்டு, மீதிக்கு லூவனில் பேசும் டச்சு மொழி வகுப்பு. குற்றவியல் பாடங்களில் பல டச்சு மொழியில் மட்டும் நடக்கும். தலைப்பை ஆங்கிலத்தில் போட்டிருந்தாலும் கற்பிக்கும் மொழி எது என்று பாடக் குறிப்பில் தனியாகப் பாருங்கள். பிறகு எந்த செமஸ்டரில் நடக்கிறது, இரண்டு பாடம் ஒரே நேரத்தில் மோதுகிறதா, முன்பே படித்திருக்க வேண்டியது எது என்று பாருங்கள்.

பட்டியல் முடிவானதும் லேர்னிங் அக்ரிமென்ட், அதாவது எந்தெந்தப் பாடம் எடுக்கிறீர்கள் என்ற ஒப்பந்தத் தாள். நீங்கள், உங்கள் கல்லூரி, அங்குள்ள பல்கலைக்கழகம் என்று மூன்று கையெழுத்து வேண்டும். உங்கள் கல்லூரிக் கையெழுத்து இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். ‘போயிட்டு வாங்க, வந்ததும் பார்த்துக்கலாம்’ என்று எனக்கு வாய்மொழியாகச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார். தலைப்பு பொருந்தவில்லை என்று ஒரு பாடத்தை ஏற்க மறுத்தார்கள். அதற்கு ஈடான பாடத்தை நான் அரியர் போல உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. ஒரு தாள் கையெழுத்தில் தவிர்த்திருக்கக்கூடிய வேதனை அது. அங்கே போன பிறகு பாடம் மாற்ற வேண்டி வந்தாலும் மாற்றத்துக்கும் இதே மூன்று கையெழுத்தை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள்.

விசா, அறை, பதிவு

90 நாளுக்கு மேல் தங்குவதால் நீண்டகால ‘டி’ விசா எடுக்க வேண்டும். சேர்க்கைக் கடிதம், பணம் இருப்பதற்கான சான்று, பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கும் பி.சி.சி. (குற்றப் பின்னணி இல்லை என்ற போலீஸ் சான்று), தூதரகம் ஏற்கும் மருத்துவரிடம் வாங்கிய உடல்தகுதிச் சான்று, அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லும்படி அரசு தரும் சான்று) போட்ட ஆவணங்கள் என்று கேட்பார்கள். விசாக் கட்டணம் தவிர பெல்ஜியக் குடிவரவு அலுவலகத்துக்கென்று தனிக் கட்டணம் ஒன்று உண்டு. அதைக் கட்டிய ரசீது இல்லாமல் மனு நகராது. உதவித்தொகை பெறுகிற சிலருக்கு இதில் விலக்கு உண்டு, கேட்டுப் பாருங்கள். பணத் தொகையும் கட்டணமும் ஆண்டுதோறும் மாறும் என்பதால் தூதரகத்தின் பக்கத்தில் இருப்பதை மட்டும் நம்புங்கள், போன வருடம் போன சீனியர் சொன்னதை அல்ல. அப்போஸ்டிலுக்கு நாள் பிடிக்கும்; அதை முதலில் முடியுங்கள்.

மாணவர் அறையை அங்கே ‘கொட்’ என்பார்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் முழுக் கல்வியாண்டுக்குப் போடுவார்கள், ஐந்து மாதத்துக்கு என்று தேடினால் குறைவாகத்தான் கிடைக்கும். பல்கலைக்கழக விடுதி அலுவலகத்தில் சேர்க்கை உறுதியான அன்றே கேளுங்கள். ஒப்பந்தத்தைப் பார்க்காமல் யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். அந்த முகவரியில் உங்களைப் பதிய வீட்டுக்காரர் சம்மதிக்கிறாரா என்று எழுத்தில் வாங்குங்கள். பதிவு இல்லாவிட்டால் அட்டை இல்லை.

போய்ச் சேர்ந்ததும் எட்டு வேலை நாட்களுக்குள் நகராட்சிக்குப் போக வேண்டும். அப்புறம் நான் சொன்ன அந்தப் போலீஸ்காரர் வருவார். அழைப்பு மணியில் பெயரை ஒட்டுங்கள். சின்ன வேலைதான், ஆனால் பெயர் இல்லை என்று அவர் திரும்பிப் போனால் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையாக முடியும். சைக்கிள் வாங்கினால் முன்னும் பின்னும் விளக்கு இருக்கட்டும். இருட்டில் விளக்கில்லாமல் ஓட்டினால் அபராதம். படிக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் ஒரே செமஸ்டருக்கு டச்சும் பிரெஞ்சும் தெரியாமல் வேலை கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டாம்.

பெயர்க் குழப்பத்தை முதல் வாரத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்

கவுன்சில் ஆஃப் யூரோப், யூரோப்பியன் கவுன்சில், கவுன்சில் ஆஃப் தி யூரோப்பியன் யூனியன். தமிழில் மொழிபெயர்த்தால் மூன்றும் ஐரோப்பிய மன்றமாகவோ பேரவையாகவோ ஆகிவிடும். நம் செய்தித்தாள்களில் பலமுறை அப்படி ஆகியிருக்கிறது.

முதலாவது ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்ததே அல்ல. 1949இல் பத்து நாடுகள் தொடங்கியது. இன்று 46 நாடுகள். 2022 மார்ச்சில் ரஷ்யாவை நீக்கினார்கள். துருக்கி, பிரிட்டன், ஜார்ஜியா எல்லாம் இதில் உண்டு. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை 1950இல் ரோமில் கையெழுத்தானது. அதைக் காக்கும் நீதிமன்றம் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கிறது. இரண்டாவது, ஒன்றியத்தின் 27 நாடுகளின் தலைவர்கள் கூடும் கூட்டம். மூன்றாவது, அதே நாடுகளின் அமைச்சர்கள் கூடிச் சட்டம் இயற்றும் அவை. போதாததற்கு, பன்னிரண்டு நட்சத்திரக் கொடியும் கவுன்சில் ஆஃப் யூரோப்புக்கும் ஒன்றியத்துக்கும் பொது. 1955இல் அதை ஏற்றது கவுன்சில் ஆஃப் யூரோப். ஒன்றியம் எடுத்துக்கொண்டது 1980களில். ஒன்றியத்தின் நாடாளுமன்றமும் மாதாந்திர அமர்வுக்கு ஸ்ட்ராஸ்பர்க்குக்கே போகிறது.

நீதிமன்றமும் இரண்டு. ஒன்றியத்தின் நீதிமன்றம் லக்சம்பர்க்கில். அது பார்ப்பது ஒன்றியத்தின் சட்டத்தை. 2009 முதல் ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் சாசனமும் அதில் சேரும். ஸ்ட்ராஸ்பர்க் பார்ப்பது 1950 உடன்படிக்கையை. தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதினால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் மதிப்பெண் போய்விடும். ஒரு தாளில் ஸ்ட்ராஸ்பர்க், லக்சம்பர்க், பிரஸ்ஸல்ஸ் என்று மூன்று ஊரை வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் யார் யார் என்று எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள்.

ஒரு தீர்ப்பை முழுதாகப் படியுங்கள்

ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்புகள் எல்லாம் ஹுடாக் என்ற இணையத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. பாடநூலின் சுருக்கத்தைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். முதல் மாதத்தில் இரண்டே இரண்டு தீர்ப்பை வரிவரியாகப் படித்தால் மற்றவற்றைப் படிக்கும் வழி தானாகத் தெரியும். தமிழ் மாணவர்களுக்கு நான் சொல்லும் இரண்டு, நம் ஆட்களைப் பற்றியவை.

ஒன்று, வில்வராஜா முதலியோர் எதிர் பிரிட்டன் என்ற வழக்கு. தீர்ப்பு 1991 அக்டோபர் 30. பிரிட்டனில் தஞ்சம் கேட்ட ஐந்து இலங்கைத் தமிழர்கள் மறுக்கப்பட்டு 1988இல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மனித உரிமை உடன்படிக்கையில் சித்திரவதையைத் தடுக்கும் 3ஆம் உறுப்பு மீறப்பட்டதா என்பது கேள்வி. மீறப்படவில்லை என்றது நீதிமன்றம். துன்பம் நேரலாம் என்ற வெறும் சாத்தியம் மட்டும் போதாது என்பது அதன் நிலை. இரண்டாவது, என்.ஏ. எதிர் பிரிட்டன், 2008 ஜூலை 17. இதிலும் ஓர் இலங்கைத் தமிழர்தான். திரும்பிப் போகும் தமிழர் எல்லோருக்கும் ஆபத்து என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால் முன்பு கைதானது, உடம்பில் இருக்கும் தழும்பு, லண்டனிலிருந்து திரும்புவது போன்றவை தனித்தனியாகப் போதாவிட்டாலும், அன்றைய நிலைமையில் சேர்த்துப் பார்த்தால் உண்மையான ஆபத்தாகலாம் என்றது. அவரை அனுப்பினால் 3ஆம் உறுப்பு மீறப்படும் என்று தீர்ப்பளித்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். உறுப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதே சொற்கள், பதினேழு வருட இடைவெளி, வேறு முடிவு. எந்த ஆதாரத்தை யார் எப்படி எடை போட்டார்கள் என்பதுதான் மாறியது. கொழும்பு விமான நிலையத்தில் வந்திறங்குகிறவரை எப்படி விசாரிப்பார்கள் என்று நீதிபதிகள் பத்தி பத்தியாக ஆராய்வதைப் படித்தபோது நூலகத்தில் எழுந்து வெளியே போய் நின்றேன். வீட்டில் காது வழியாகக் கேட்டு வளர்ந்த விஷயம் சட்டத்தின் மொழியில் எண்ணிட்ட பத்திகளாக இருந்தது.

படிக்கும் வரிசை: நிகழ்வுகள், உள்நாட்டுச் சட்டம், இரு தரப்பு வாதம், நீதிமன்றத்தின் மதிப்பீடு, கடைசியில் முடிவு. அதற்கும் பின்னால் நீதிபதிகளின் மாறுபட்ட கருத்துகள் இருந்தால் அவற்றை விடாதீர்கள். சாதாரண அமர்வில் 7 நீதிபதிகள், பெரிய அமர்வில் 17. உள்நாட்டில் இருக்கும் வழிகளையெல்லாம் முயன்று முடித்த பிறகுதான் அங்கே போக முடியும்; இறுதித் தீர்ப்பிலிருந்து நான்கு மாதத்துக்குள். 2022 பிப்ரவரி வரை அது ஆறு மாதமாக இருந்தது, பழைய புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும்.

மூன்று பாடமும் ஒரே வழக்கில்

அரன்யோஷி, கால்டரரு வழக்கு, லக்சம்பர்க் நீதிமன்றம், 2016 ஏப்ரல் 5. ஐரோப்பியக் கைது ஆணை என்று ஒன்று 2004 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு நாடு கேட்டால் இன்னொரு நாடு ஆளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அரசியல் மட்டத்தில் இழுத்தடிக்க முடியாது. ஹங்கேரியும் ருமேனியாவும் இரண்டு பேரைக் கேட்டன. ஜெர்மனியின் பிரெமன் நீதிமன்றம் தயங்கியது: அந்த நாட்டுச் சிறைகளில் இடமே இல்லையே, அனுப்பலாமா? உண்மையான ஆபத்து இருக்கிறதா என்று அந்த ஆளின் நிலைமையை வைத்துக் கேட்டுத் தெரிந்துகொள், தெளிவாகும் வரை ஒப்படைப்பதை நிறுத்திவை என்றது லக்சம்பர்க்.

இதில் ஆட்சிமுறை இருக்கிறது, ஏனென்றால் நாடுகள் ஒன்றையொன்று நம்புவதுதான் ஒன்றியத்தின் அடித்தளம். மனித உரிமை இருக்கிறது. சிறையில் ஒருவருக்கு எத்தனை சதுர மீட்டர் என்ற குற்றவியல் கேள்வியும் இருக்கிறது. பலர் சேர்ந்திருக்கும் அறையில் ஆளுக்கு 3 சதுர மீட்டருக்குக் குறைந்தால் உரிமை மீறல் என்று கருத வலுவான காரணம் உண்டு என்று ஸ்ட்ராஸ்பர்க் அதே 2016இல் குரோஷியா வழக்கொன்றில் சொன்னது. அறையில் சாக்பீசால் 3 சதுர மீட்டர் கோடு போட்டுப் பாருங்கள். நான் போட்டுப் பார்த்தேன். கட்டிலை வைத்ததும் பாதி போய்விட்டது.

படிக்கப் போகிற நாடும் இதில் தப்பவில்லை. சிறை நெரிசலுக்காக 2014இல் வசிலெஸ்கு வழக்கில் பெல்ஜியத்துக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. இடம் போதாமல் 2010 முதல் 2016 வரை நெதர்லாந்தின் டில்பர்க்கில் ஒரு சிறையை பெல்ஜியம் வாடகைக்கு எடுத்திருந்தது. பெல்ஜியத் தண்டனை, டச்சு மண், டச்சுக் காவலர்கள். ஒப்பீட்டுக் குற்றவியலுக்கு இதைவிட நல்ல கட்டுரைத் தலைப்பு கிடைப்பது கடினம்.

எண்களை ஒப்பிடும் முன்

ஒப்பீட்டுக் குற்றவியலில் முதல் கட்டுரையில் எல்லோரும் செய்யும் தவறு இரண்டு நாட்டு எண்களை எடுத்துப் பக்கத்தில் வைப்பது. இந்தியாவில் லட்சம் பேருக்குச் சுமார் 40 பேர் சிறையில். ஃபின்லாந்தில் ஐம்பதைத் தாண்டும். அப்படியென்றால் ஃபின்லாந்தைவிட இந்தியா மென்மையான நாடா? 2022ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் சுமார் 76 சதவீதம் விசாரணைக் கைதிகள். தீர்ப்பே ஆகாதவர்கள். ஃபின்லாந்தில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்கள். இரண்டு எண்ணுக்கும் ‘கைதி’ என்ற ஒரே சொல். ஃபின்லாந்தும் எப்போதும் இப்படி இருந்ததல்ல. 1950களில் அண்டை நாடுகளைவிட மிக அதிகமானோரைச் சிறையில் வைத்திருந்தது. பிறகு சட்டத்தையும் தண்டனை முறையையும் தெரிந்தே மாற்றிக் குறைத்தார்கள்.

ஸ்வீடனில் பாலியல் வன்முறைப் பதிவு அதிகம் என்று ஒரு வரைபடம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்வீடன் புகார் வந்த அன்றே எண்ணுகிறது. ஒருவர் மீது பலமுறை நடந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. சட்ட வரையறையும் விரிவானது. ஜெர்மனியில் போலீஸ் விசாரணை முடிந்து கோப்பு போகும்போதுதான் கணக்கில் ஏறும். எனவே கட்டுரையின் முதல் பக்கத்தில் நாட்டைப் பற்றி எழுதாதீர்கள், எண்ணிய முறையைப் பற்றி எழுதுங்கள்: யார் எண்ணினார்கள், எந்தக் கட்டத்தில், எதை ஒன்றாகக் கொண்டார்கள். சிறைக் கணக்குக்கு கவுன்சில் ஆஃப் யூரோப் வெளியிடும் ஸ்பேஸ் அறிக்கை இருக்கிறது, லொசான் பல்கலைக்கழகம் தொகுப்பது. அதில் அட்டவணையைவிட அடிக்குறிப்புகள்தான் தங்கம். ஒவ்வொரு நாடும் எதைச் சேர்த்தது, எதை விட்டது என்று அங்கேதான் சொல்லியிருக்கும்.

கண்ணால் பாருங்கள்

லூவனில் வட்டச்சாலையை ஒட்டி ஒரு மத்தியச் சிறை இருக்கிறது. 1860இல் திறந்தது. நடுவிலிருந்து நட்சத்திரம் போலக் கிளைகள் பிரியும் கட்டடம். ஒவ்வொரு கைதியையும் தனியறையில் வைத்துத் திருத்துவது என்ற அந்தக் காலத்து நம்பிக்கைக்காகக் கட்டியது. இன்றும் நீண்ட தண்டனைக் கைதிகள் அங்கே இருக்கிறார்கள். வெளியே மாணவர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பார்கள். உள்ளே போவது நாமாக முடியாது. சில பாடங்களில் ஆசிரியர் ஏற்பாடு செய்வார், பெயரும் அடையாள ஆவணமும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டும். வாய்ப்பு வந்தால் போங்கள். உள்ளே இருப்பவர்கள் அங்கே குடியிருப்பவர்கள், நாம் அவர்கள் வீட்டுக்குள் நுழைகிறோம் என்ற மரியாதையோடு போங்கள்.

நீதிமன்றத்துக்குப் போக யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. விசாரணை பொதுவானது, பின்வரிசையில் உட்காரலாம். மொழி புரியாவிட்டாலும் ஒன்று தெரியும்: நம் ஊர்போல சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது சாதாரண வழக்குகளில் அரிது. நீதிபதி முன்னால் தடித்த கோப்பு ஒன்று இருக்கும். அதிலிருந்து அவரே கேள்வி கேட்பார். நான் பார்த்த அன்று திருட்டு வழக்கு ஒன்று கால் மணி நேரத்தில் முடிந்தது. வழக்கு நடந்தது அந்தக் கோப்புக்குள்தான், மன்றத்தில் நடந்தது அதைச் சரிபார்ப்பது என்று பக்கத்தில் இருந்த பெல்ஜிய மாணவி விளக்கினாள். இரண்டு மாதம் படித்தது அன்று புரிந்தது.

ஸ்ட்ராஸ்பர்க்கில் வாய்மொழி விசாரணை குறைவு. பெரும்பாலும் எழுத்தில்தான் நடக்கும். தேதி பார்த்து முன்பதிவு செய்யுங்கள். முடியாவிட்டால் அன்றே பிற்பகல் காணொளியாகப் போட்டுவிடுவார்கள். லக்சம்பர்க் போனால் ஊருக்குள் பஸ், டிராம், ரயில் எல்லாம் இலவசம், 2020 முதல். பிரஸ்ஸல்ஸ் நாடாளுமன்றத்தைப் பார்க்கவும் கட்டணம் இல்லை. பெரிய கூடத்தைவிட ஒரு குழுக் கூட்டத்தை முழுதாகப் பார்ப்பது பயன். ஒரு சொல்லை மாற்றுவதற்கு எத்தனை பேர் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று தெரியும்.

பல்கலைக்கழக நூலகத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1914 ஆகஸ்டில் ஜெர்மன் படை லூவன் நூலகத்தை எரித்தது. போருக்குப் பின் அமெரிக்கப் பள்ளிகளும் கல்லூரிகளும் பணம் திரட்டிக் கட்டிக் கொடுத்தன; சுவர்க் கற்களில் அவற்றின் பெயர் வெட்டியிருக்கிறது. எரிந்த நூல்களுக்கு ஈடாக நூல்கள் தர வேண்டும் என்று வெர்சாய் ஒப்பந்தத்தில் ஜெர்மனிக்குத் தனி உறுப்பே எழுதினார்கள். 1940இல் மறுபடி எரிந்தது, மறுபடி கட்டினார்கள். 1981இல் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்று தெரிந்த ஒருவர் அந்தக் கற்களைத் தடவாமல் உள்ளே போக முடியாது. நான் தினமும் காலையில் அங்கேதான் படித்தேன்.

தேர்வு

மதிப்பெண் இருபதுக்கு. பத்து எடுத்தால் தேர்ச்சி. 14, 15 நல்ல மதிப்பெண், 18 அபூர்வம். வீட்டில் 75 சதவீதம்தானா என்று கேட்பார்கள், முன்பே சொல்லி வையுங்கள். கல்லூரிக்கும் மதிப்பெண் மாற்று அட்டவணை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வெறுமனே ஐந்தால் பெருக்கினால் உங்களுக்குத்தான் நட்டம்.

பல பாடங்களில் வாய்மொழித் தேர்வு. நம் ஊர் வைவா போல ஒப்புக்கு நடப்பதல்ல; அதுதான் முழுத் தேர்வு. கேள்வித்தாளைக் கொடுத்துக் குறிப்பெடுக்க நேரம் தருவார்கள், பிறகு ஆசிரியர் எதிரே உட்கார்ந்து விளக்க வேண்டும். என் முதல் தேர்வில் 3ஆம் உறுப்பை வரி பிசகாமல் சொன்னேன். பேராசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘சரி, மாறுபட்ட நீதிபதி ஏன் மாறுபட்டார்?’ என்றார். அந்தப் பக்கங்களை நான் படித்திருக்கவில்லை. பதினொன்று கிடைத்தது. அடுத்த தேர்வுக்கு ஒவ்வொரு தீர்ப்புக்கும் ‘யார் ஒத்துக்கொள்ளவில்லை, ஏன்’ என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டு போனேன்.

கிளம்பும் முன்

நகராட்சியில் பெயரை நீக்கச் சொல்லுங்கள். அறையின் முன்பணத்தைத் திரும்ப வாங்க, சாவி கொடுக்கும் நாளில் வீட்டுக்காரரோடு அறையைச் சுற்றிப் பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள். தேர்வு ஜனவரியில் முடிந்தாலும் மதிப்பெண் சான்று வரச் சில வாரம் ஆகும். அதை நேராக உங்கள் கல்லூரிக்கும் உங்களுக்கும் அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். எடுத்த ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் கணக்கு மூடும் முன் பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். பல்கலைக்கழகக் கணக்கு முடங்கிய பிறகு அவை கைக்கு எட்டாது, இங்கே சமானம் பார்க்கும் குழு முதலில் கேட்பது அதைத்தான்.